ஆஸிபா ஏறிப்போன ஓடை

ஜம்புநாதன் அங்கிள் ஜி.பி.எஸ். கருவியைத் தலைக்கு மேலே பிடித்தபடி பத்தடி முன்னால் நடந்தார், நாலடி பின்னால் வந்தார், பிறகு குதிகாலால் மணலில் ஒரு வட்டம் போட்டார். "இங்கதான். எக்ஸாக்டா இதே ஸ்பாட்," என்றார். நாங்கள் இருபத்தொரு பேர் அந்த வட்டத்தைச் சுற்றி நின்று மரியாதையாகப் பார்த்தோம். முந்தின இரவு தங்கிய ரீனோவிலிருந்து கிழக்கே இரண்டு மணி நேரம், அதில் கடைசிப் பத்து மைல் மண் பாதை. எந்தப் பக்கம் திரும்பினாலும் முழங்கால் உயரச் சாம்பல்நிறப் புதர்கள், அவற்றுக்குப் பின்னால் செங்கல் நிறத்தில் ஒரு மலைத்தொடர். காரை விட்டு இறங்கியதும் காற்று எல்லோருடைய தொப்பியையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டது.

அங்கிளும் ஷ்யாமளா ஆன்டியும் லிவர்மோரில் இருபது வருடமாக இருப்பவர்கள். லிவர்மோரிலும், அதை ஒட்டி நாங்கள் இருக்கும் டப்ளினிலும் உள்ள தமிழ்க் குடும்பங்களை வருடத்துக்கு ஒருமுறை எங்காவது கிளப்பிக்கொண்டு போவது அவர் தானாக ஏற்றுக்கொண்ட பொறுப்பு. முதல் வருடம் ஸ்ட்ராபெரி பறித்தோம். அடுத்த வருடம் பனியில் சறுக்கி இரண்டு பேருக்கு மணிக்கட்டு பிசகியது. இந்த 2008 ஏப்ரலில் கல் பொறுக்கல். கல் சேகரிப்பவர்களின் இணையதளம் ஒன்றிலிருந்து இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை எடுத்து, அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் குடும்பத்துக்கு ஒன்று கொடுத்திருந்தார். தேடப்போவது நீல அகேட். எங்கள் மேலப்பாளையத்தில் பெரியவர்கள் வெள்ளி மோதிரத்தில் வைத்துக்கொள்ளும் அகீக் கல்லின் வகைதான். அறுத்தால் உள்ளே வரிவரியாக நீலமும் வெள்ளையும் ஓடும் என்று போட்டோவில் இருந்தது.

ஆண்கள் எல்லோரும் மென்பொருள்காரர்கள். கையில் தோட்டக் கரண்டி, கடற்கரையில் பிள்ளைகள் மணல் அள்ளும் வாளி. சுந்தரராமன் மட்டும் பனி அள்ளும் மண்வாரியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். அங்கிளிடம் மட்டும்தான் முறையான கல் சுத்தியல் இருந்தது, அதற்கென்றே தைத்த தோல் உறையில்.

என் மனைவி ஆஸிபா ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து, முக்காட்டைக் காற்றுக்குப் பறக்காமல் ஒரு ஊக்கால் குத்திக்கொண்டு, தேங்காய்ச் சோற்றைக் காகிதத் தட்டுகளில் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த வட்டத்தை அவள் ஒருமுறைதான் பார்த்தாள். பிறகு சோற்றைப் பார்த்தாள். ஆறேழு வருடம் குடும்பம் நடத்தியவனுக்கு அந்த ஒரு பார்வை போதும். ஏதோ தப்பு என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது, சொல்லப் போவதில்லை.

ஆஸிபா தூத்துக்குடியில் ஒரு கல்லூரியில் ஜியாலஜி எம்.எஸ்ஸி. படித்தவள். வகுப்பில் பதினான்கு பையன்கள், இரண்டு பெண்கள். கழுகுமலைப் பக்கம் களப்பயணம் போய்விட்டு, கை நிறையக் கல்லோடு திருநெல்வேலி பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தவளை நான் முதல் முறை பார்த்தேன். கண்டக்டர் "லக்கேஜ் போடணும்மா" என்றார். "கல்லுக்கெல்லாமா லக்கேஜ்" என்று அவள் சண்டைக்கு நின்றாள். அந்தச் சண்டையில்தான் நான் விழுந்தேன். வீட்டில் சொல்லி, பெண் கேட்டு, கல்யாணம் முடிந்து, 2002இல் இங்கே கூட்டி வந்தேன். வந்தவளின் விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. ஆறு வருடம். இந்த ஆறு வருடத்தில் அவள் பஸீலாவைப் பெற்றாள், கார் ஓட்டக் கற்றாள், டப்ளினில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் "ஆஸிபாகிட்ட பிரியாணி சொல்லிடலாம்" என்கிற அளவுக்குப் பேர் வாங்கினாள். கல்லைப் பற்றிப் பேசுவதை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டாள்.

பிப்ரவரியில் கிரீன் கார்டுக்கு முந்தைய வேலை அனுமதி அட்டை வந்தது. மார்ச்சில் லிவர்மோரில் ஒரு சின்ன நிறுவனத்துக்கு விண்ணப்பம் போட்டாள். கட்டடம் எழுப்புவதற்கு முன் நிலத்தைத் துளைத்து, அடியில் என்ன இருக்கிறது என்று சொல்பவர்கள். போனில் பேசினார்கள். நேரில் வரச் சொன்னார்கள். திங்கட்கிழமை காலை பத்து மணி. ஒரு மலைச் சரிவுக்குக் கூட்டிப்போவார்களாம், பார்ப்பதை எழுதித்தர வேண்டுமாம். அந்தத் திங்கட்கிழமை நாளைக்கு.

"ஆறு வருசம் ஆச்சு மச்சான். இப்பல்லாம் கல்லப் பாத்தா கல்லாத்தான் தெரியுது," என்று புதன்கிழமை சொன்னாள். வியாழக்கிழமை நான் வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தபோது அவளுடைய மெயில் திறந்தபடியே கிடந்தது. அனுப்பாத கடிதம் ஒன்று. வாய்ப்புக்கு நன்றி, குடும்பச் சூழ்நிலை காரணமாக என்னால் வர இயலாது. குடும்பச் சூழ்நிலை என்பது நானும் பஸீலாவும்தான். நாங்கள் இருவரும் நன்றாகத்தான் இருந்தோம். மூடி வைத்துவிட்டு வந்தேன். அவளிடம் கேட்கவில்லை.

கேட்க முடியாததற்கு ஒரு காரணம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் சுந்தரராமன் வீட்டு நவராத்திரி விருந்தில், "ஆஸிபா ஜியாலஜியில கோல்ட் மெடலிஸ்ட் தெரியுமா" என்று நான் பெருமையடித்தேன். உடனே ஒரு அம்மா மோதிரத்தைக் கழற்றி, "அப்ப இது ஒரிஜினல் புஷ்பராகமான்னு சொல்லுங்க" என்று நீட்டினார். பதினைந்து பேர் சுற்றி நின்றார்கள், அங்கிளும் ஆன்டியும் மட்டும் அன்று வரவில்லை. ஆஸிபா மோதிரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "தெரியல" என்றாள். யாரோ சிரித்தார்கள். வீட்டுக்கு வரும் வழியில், "இனிமே எவங்ககிட்டயும் என் படிப்பப் பத்தி நீங்க வாயத் தொறக்கக் கூடாது," என்றாள். அன்றிலிருந்து திறக்கவில்லை.

ஆகவே நானும் எல்லோரோடும் சேர்ந்து வட்டத்துக்குள் தோண்டினேன். இரண்டு மணி நேரம். மணல் வந்தது. அதற்குக் கீழே கொஞ்சம் ஈர மணல் வந்தது. அதற்குக் கீழே சரளை. ஒரு ஒன்பது வயதுப் பையன் பியர் டப்பா மூடி ஒன்றைக் கண்டுபிடித்தான். காலையிலிருந்து கிடைத்தவற்றில் அதுதான் பெரிய பொருள் என்று சுந்தரராமன் அவனுக்குக் கை கொடுத்தார்.

"அங்கிள், இன்னும் கொஞ்சம் தோண்டினா திருநெல்வேலியே வந்துடும். ஹசன் அப்படியே வீட்டுக்குப் போயிட்டு வந்துடுவாரு," என்று என்னைக் காட்டினார் சுந்தரராமன்.

"கோஆர்டினேட்ஸ் தப்பா இருக்க சான்ஸே இல்லைப்பா. மூணு தரம் செக் பண்ணிருக்கேன்," என்றார் அங்கிள். குரலில் முன்பிருந்த சத்து இல்லை. தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஷ்யாமளா ஆன்டி அவருக்கு மோர் ஊற்றிக் கொடுத்துவிட்டு, "போறும்ணா, குழந்தைகள் வாடறது. ரீனோல பஃபே சாப்பிட்டுட்டு ஊரைப் பாக்கப் போலாம்," என்றார். எல்லோரும் அதற்காகவே காத்திருந்ததுபோல் வாளிகளைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் ஆஸிபாவையும் பஸீலாவையும் காணவில்லை என்று கவனித்தேன். பிள்ளைக்கு ஒன்றுக்கு வருகிறது என்று கூட்டிக்கொண்டு போயிருந்தாள். அந்தப் பொட்டலில் மறைவு என்று இருந்தது ஒரு வறண்ட ஓடை மட்டும்தான், இருநூறு அடி தள்ளி. போய்ப் பார்த்தேன். பஸீலா ஒரு பாறை மேல் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "உம்மா இஸ் பீயிங் வியர்ட்," என்றாள். ஆஸிபா ஓடையின் நடுவில் குத்த வைத்திருந்தாள். இடது உள்ளங்கையில் நாலைந்து கூழாங்கற்கள்.

"இதப் பாருங்க மச்சான்." சாம்பல் நிறத்தில் மெழுகு பூசியது போலிருந்த ஒன்றைக் காட்டினாள். வெயிலுக்கு நேரே பிடித்தாள். ஓரத்தில் வெளிச்சம் ஊடுருவி லேசாக நீலம் தெரிந்தது. "கல்லு இங்க இருக்கு. ஆனா உருண்டையா இருக்கு பாத்தியளா? ரொம்ப தூரம் உருண்டு வந்திருக்கு. அவங்க தோண்டுத எடம் ஓடைக்குக் கீழ. ஓடை கொண்டாந்து போட்ட மணல் அது. எத்தன அடி தோண்டினாலும் மணல்தான்."

"காலையிலயே தெரிஞ்சுதா?"

"சந்தேகமா இருந்துச்சு."

"போய்ச் சொல்லேன்."

"நீங்க ஒண்ணும் சொல்லிராதிய," என்றாள் அவசரமாக. "நான் கொஞ்சம் மேல ஏறிப் பாத்துட்டு வாரேன்."

ஏறினாள். பஸீலாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் பின்னால் போனேன். ஓடை மலையை நோக்கி வளைந்து வளைந்து போனது. ஆஸிபா இருபது அடிக்கு ஒருமுறை குனிந்து ஒரு கல்லை எடுப்பாள், முந்தைய கல்லோடு வைத்துப் பார்ப்பாள், போடுவாள். அவள் நடை மாறிவிட்டிருந்தது. வீட்டுக்குள், கடைக்குள், பள்ளிக்கூட வாசலில் நான் பார்க்கும் நடை இல்லை இது. முதலில் கண் போய், கண் போன இடத்துக்குக் கால் போகிற நடை. கை நிறையக் கல்லோடு பஸ்ஸில் நின்றவளை எனக்கு ஞாபகம் வந்தது. பஸீலா என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தாள்.

"கை நீட்டு," என்று பஸீலாவிடம் சொன்னாள். இரண்டு கற்களை வைத்தாள். "எது குத்துது?"

"திஸ் ஒன்."

"இது முனை மழுங்கல. அப்ப ரொம்ப தூரம் வரல. இதோட வீடு பக்கத்துலதான் இருக்கு."

"லைக், இட்ஸ் நியூ இன் டவுன்?"

"ஆமா," என்று சிரித்தாள்.

கற்கள் போகப் போகப் பெரிதாயின, முனைகள் கூராயின. பிறகு ஓரிடத்தில் சட்டென்று ஒன்றுமே இல்லை. வெறும் கருங்கற்கள். நூறு அடி மேலே போய்ப் பார்த்தோம். அங்கும் இல்லை. முடிந்தது, இனிமேல் அந்தக் கடிதத்தை அனுப்பிவிடுவாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஆஸிபாவின் முகத்தைப் பார்த்தால் ஏதோ நல்ல சேதி கேட்டவள் போலிருந்தது.

"நின்னு போச்சு," என்றாள். "அப்ப மேலருந்து வரல. நாம தாண்டி வந்துட்டோம். பக்கவாட்டுல எங்கயோ எறங்கியிருக்கு."

திரும்பி நடந்தாள். கல் நின்றுபோன இடத்துக்கு எதிரே, வலது கரையில், ஒரு ஆள் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு. வரும்போது நான் அதைப் பார்க்கவே இல்லை. அதற்குள் முப்பது அடி ஏறினால் செந்நிறப் பாறை ஒன்று சுவர்போல் நின்றது. சுவரின் குறுக்கே சாய்வாக ஒரு வெள்ளைக் கோடு, இரண்டு விரல் தடிமன், சுண்ணாம்பு உதிர்வதுபோல். அழகாகக்கூட இல்லை. ஆஸிபா அதன் மேல் உள்ளங்கையை வைத்து அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள்.

"இதுதானா?"

"இதாத்தான் இருக்கணும்." பிறகு, "ஒடச்சாத்தான் தெரியும். நம்ம சுத்தியல் ஆணி அடிக்கத, இதுல அடிச்சா தெறிச்சிரும். அங்கிளோடது வேணும்," என்றாள். வேணும் என்றால் போய்க் கேட்க வேண்டும். எல்லோர் முன்னாலும். அவளும் அதைத்தான் நினைத்தாள் என்பது அவள் முக்காட்டு ஊக்கைக் கழற்றி மறுபடி குத்தியதில் தெரிந்தது.

நாங்கள் வந்தபோது கார்களின் பின்கதவுகள் திறந்திருந்தன. ஐஸ் பெட்டி ஏறிவிட்டது. ஆஸிபா நேராக அங்கிளிடம் போனாள்.

"அங்கிள், அந்த சுத்தியல் ஒரு மணி நேரம் வேணும். எல்லாரும் கொஞ்சம் இருக்க முடியுமா? கல்லு மேல இருக்குன்னு நெனைக்கேன்."

சுந்தரராமன்தான் முதலில் வாய் திறந்தார். "சிஸ்டர், பசங்க பஃபே மூடுக்கு வந்துட்டாங்க. கண்டிப்பா இருக்கா?"

"கண்டிப்பான்னு சொல்ல முடியாது. இருக்கணும்."

"இல்லைன்னா?"

"இல்லன்னா அடுத்த மாசம் உங்க எல்லாருக்கும் எங்க வீட்டுல பிரியாணி. இருந்துச்சுன்னா நீங்க சமைக்கணும்."

"அது கல்லை விட மோசமா இருக்குமே," என்றார் சுந்தரராமனின் மனைவி. சிரிப்பு எழுந்தது. அங்கிள் சிரிக்கவில்லை. ஆஸிபாவைக் கூர்ந்து பார்த்தார். பிறகு தோல் உறையின் பட்டனைக் கழற்றி, சுத்தியலைக் கைப்பிடி அவள் பக்கம் இருக்கும்படி நீட்டினார். "வழி காட்டும்மா," என்றார்.

பாறையடியில் வந்ததும் ஆஸிபா எங்களை நிறுத்தி வைத்த விதத்தை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பிள்ளைகள் பிளவுக்கு வெளியே. அவள் அடிக்கும்போது நேர் கீழே யாரும் நிற்கக்கூடாது. வெயில் கண்ணாடி இருப்பவர்கள் போட்டுக்கொள்ள வேண்டும். குரலை உயர்த்தவில்லை. ஒன்பது மென்பொருள் பொறியாளர்களும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி நகர்ந்தார்கள். பிறகு அவள் கோட்டிலிருந்து உதிர்ந்த ஒரு துண்டை எடுத்தாள், புடவைக் கடையில் துணியைப் பார்ப்பதுபோல் புரட்டினாள், நாக்கை நீட்டி நக்கினாள்.

"ஐயய்யோ, எச்சல் பண்ணிட்டியேடி," என்றார் ஷ்யாமளா ஆன்டி. "என்ன கண்றாவி ஒட்டிண்டிருக்கோ அதுல."

"நாக்குல ஒட்டுதான்னு பாத்தேன் ஆன்டி. களிமண்ணா இருந்தா ஒட்டும். இது ஒட்டல." ஈரமான இடத்தைத் திருப்பிக் காட்டினாள். வெள்ளைக்குள்ளே மயிரிழை போல் வரிகள். அது ஒரு நொடிதான். காற்று ஈரத்தைக் குடித்துவிட்டது, மறுபடி வெறும் சுண்ணாம்பு.

அடித்தாள். கோட்டின் மேல் அடிக்கவில்லை, அதற்கு மேலேயுள்ள செம்பாறையில், கோட்டுக்கு இணையாக. முதல் பத்து நிமிடம் பொடிதான் வந்தது. அங்கிள் ஒரு ஆப்பு எடுத்துக் கொடுத்தார். அவள் வைக்க, நான் பிடிக்க, அவள் அடித்தாள். இருபது நிமிடம். யாரோ கைக்கடிகாரத்தைப் பார்த்ததை நான் பார்த்தேன். அவள் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டிப் பாறையில் விழுந்து உடனே காய்ந்தது. "நான் அடிக்கட்டுமா" என்றேன். "நீங்க பிடிங்க, அது போதும்," என்றாள். சத்தம் மாறியது எனக்கே கேட்டது. டப்டப் என்று இருந்தது டங் என்று ஆயிற்று. ஆஸிபா சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு விரல்களைக் கோட்டருகே விழுந்த விரிசலுக்குள் விட்டு இழுத்தாள். ஒரு பலகை போலப் பாறை கழன்று சரிந்தது.

உள்ளே நீலம்.

மழை விட்ட பின் அடிவானத்தில் கொஞ்சம் மிச்சமிருக்குமே, அந்த நீலம். அதைச் சுற்றி வெள்ளை, வெள்ளையைச் சுற்றி மறுபடி நீலம். ஒரு கை நீளத்துக்கு வளைந்து வளைந்து ஓடியது. அங்கங்கே பொந்துகள், பொந்துக்குள் சர்க்கரை கொட்டியதுபோல் பளிங்கு முனைகள். சுந்தரராமன் மெதுவாக, "எத்தனை கிலோ சிக்கன் வாங்கணும்?" என்று கேட்டார். அவ்வளவுதான், பிளவு முழுக்கக் கைதட்டலும் விசிலுமாக அதிர்ந்தது. பஸீலா தடையை எல்லாம் மீறி ஓடிவந்து உம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "தட்ஸ் மை உம்மா," என்று தெரிந்தவர்களிடமே சொல்லிக்கொண்டாள்.

அங்கிள் தனியாகப் போய் ஜி.பி.எஸ்.ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிளாஸ்டிக் உறைக் காகிதத்தைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார், பாக்கெட்டிலிருந்த பேனாவால் கையிலேயே ஏதோ கணக்குப் போட்டார். "ஃபார்மேட் தப்பு," என்றார் கடைசியில். இணையதளத்தில் நிமிடத்துக்குப் பின் புள்ளி வைத்து எழுதியிருந்த தசமத்தை, அவர் விநாடி என்று எடுத்து ஏற்றியிருக்கிறார். அரை மைலுக்குக் கொஞ்சம் குறைவாகத் தள்ளிப் போய்விட்டது. "சரியான நம்பரைப் போட்டா இந்தப் பாறையைத்தான் காட்டறது. ஒன்பது இன்ஜினியர் இருந்தோம், ஒருத்தருக்கும் தோணலை. மெஷின் இல்லாம வந்து நின்னுட்டாளே இந்தப் பொண்ணு." பிறகு என் பக்கம் திரும்பி, "ஏம்ப்பா, இவ்ளோ தெரிஞ்சவங்கன்னு நீ முன்னாடியே சொல்லப்படாதோ?" என்றார்.

நான் ஆஸிபாவைப் பார்த்தேன். "சொல்லிருக்கலாம்," என்றாள் அவள், அமைதியாக. "இனிமே சொல்லலாம்."

மிச்ச நேரம் அவளைச் சுற்றி ஒரு வரிசை நின்றது. ஆளாளுக்கு எங்கெங்கோ பொறுக்கியதை எடுத்துவந்து நீட்டினார்கள். ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தாள். "இது சும்மா கல்லு." "இதுவும் சும்மா கல்லுதான், ஆனா அழகா இருக்கு, வச்சுக்கங்க." "இது நல்லது, ஆன்டி, கீழ போட்றாதீங்க." ஷ்யாமளா ஆன்டி அந்த நல்லதை, யாரும் பார்க்காதபோது, நுனிநாக்கால் தொட்டுப் பார்த்துவிட்டுப் புடவையில் துடைத்துக்கொண்டார். சுந்தரராமன் பச்சையாக ஒன்று கொண்டுவந்தார். ஆஸிபா அதைச் சுத்தியல் முனையால் கீறினாள், வெயிலில் பிடித்தாள், முகர்ந்துகூடப் பார்த்தாள்.

"தெரியல," என்றாள்.

என் காதுக்கு அந்தச் சொல் பழக்கமானது. இந்த முறை அவள் தலை குனியவில்லை. கல்லைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். "வீட்டுல புஸ்தகத்துல பாத்துட்டுச் சொல்லுதேன். ஒரு வாரம் குடுங்க." சுந்தரராமன் டாக்டரிடம் ரத்தம் கொடுத்தவர் போலத் தலையாட்டிவிட்டுப் போனார்.

ரீனோ பஃபேயை யாரும் கேட்கவில்லை. இரண்டு மணிக்குக் கிளம்பினோம். ரீனோவைத் தாண்டி சியர்ரா மலையில் ஏறும்வரை ஆஸிபா நகத்தைச் சுரண்டிக்கொண்டே வந்தாள். நகக்கண்ணெல்லாம் செம்மண். பின் இருக்கையில் பஸீலா தூங்கிவிட்டாள், முகத்தில் வெள்ளைப் பொடியோடு. கேட்கலாமா என்று மூன்று முறை நினைத்தேன். மூன்று முறையும் கியருக்குக் கையைக் கொண்டுபோய்விட்டுத் திரும்ப எடுத்தேன்.

"நாளைக்குப் பஸீலாவ நீங்களே ஸ்கூல்ல விட்ருங்க," என்றாள், ஜன்னல் பக்கம் பார்த்தபடி. "நான் பத்து மணிக்கு அங்க இருக்கணும். பூட்ஸ் போட்டுட்டு வரச் சொல்லிருக்காங்க, காலைல கழுவிக் காய வைக்க நேரம் இருக்காது. அப்படியே மண்ணோடதான் போவேன்."

"சரி," என்றேன். வேறு எதையாவது சொல்லியிருந்தால் குரல் காட்டிக்கொடுத்திருக்கும்.

பாதை வளைந்தது. சாலை போடுவதற்காக மலையை வெட்டிய இடம் வந்தது. இரண்டு பக்கமும் ஐம்பதடி உயரத்துக்குச் சாம்பல் பாறைச் சுவர், மேலே மிச்சமிருந்த பனி உருகி அதன் மேல் கோடுகோடாக வழிந்துகொண்டிருந்தது. ஆறு வருடத்தில் எத்தனையோ முறை இதே வழியில் எழுபது மைல் வேகத்தில் போயிருக்கிறோம். அது சுவர் என்பதற்கு மேல் நான் எதையும் பார்த்ததில்லை.

"மெதுவாப் போங்க மச்சான். இன்னும் மெதுவா."

வலது ஓரத்துக்கு மாறி, எச்சரிக்கை விளக்கைப் போட்டுக்கொண்டு, முப்பதுக்கு இறக்கினேன். பின்னால் வந்த லாரிகள் ஒவ்வொன்றாக ஹாரன் அடித்துத் தாண்டிப் போயின. ஆஸிபா கண்ணாடியை முழுக்க இறக்கிவிட்டுத் தலையை வெளியே நீட்டியிருந்தாள். கற்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பதுபோல் அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. சாயங்கால வெயில் நனைந்த பாறையில் பட்டு, சுவர் நெடுக எத்தனையோ சின்னப் புள்ளிகள் மின்னி மின்னி அணைந்தன.